முன் லைட்டு தனக்கு, பின் லைட்டு ஊருக்கு

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டு விதமான வெளிச்சம் தெரியும். ஒன்று, தொழிற்சாலை காம்பவுண்டுகளுக்குள் எரிகிற வெள்ளை வெளிச்சம். ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம். இன்னொன்று, அந்தத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றி வரும் பழைய லாரிகளின் மஞ்சள் வெளிச்சம். மஞ்சள் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். சில லாரிகளில் அது பழைய வீட்டு மாடத்து அகல் விளக்கு மாதிரி இருக்கும். "நானும் இருக்கேன்" என்று சொல்லிக்கொள்ள முடியுமே தவிர, ரோட்டைக் காட்டாது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான் வந்தது. 2012-ல் டைம்லர் வந்து பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் இங்கேயே இருக்கிறது. ஆக, வண்டி செய்கிற ஊர், வண்டியைச் சோதிக்கிற ஊர். ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே ஓடுகிற லாரிகளில் சில, இந்தத் தொழிற்சாலைகளுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே ரோட்டுக்கு வந்தவை.

அவ்வளவு பழைய லாரியை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்? காரணம் எளிது. புது லாரி வாங்கப் பணமில்லாத டிரைவர், பழைய லாரியை வாங்கித்தான் முதலாளி ஆகிறார். நம்பிக்கையாக அவருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. அந்த இடத்தைப் பிடித்ததுதான் 1979-ல் சென்னையில் ஆரம்பித்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே பெரிய தொழிலாகச் செய்து வளர்ந்து, 2022-ல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. பி.காம். படிப்பவர்களுக்கு இது ஒரு கேஸ் ஸ்டடி. லாரிக்காரருக்கு இது மாசா மாசம் வரும் டியூ தேதி. டியூ கட்டி, டீசல் போட்டு, டயர் மாற்றி, எப்.சி. காட்டி, மிச்சம் இருந்தால்தான் லைட் பக்கம் பார்வை போகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரகடம் பக்கத்தில் சாலையோரமாக ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. வந்தவாசிப் பக்கத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தன் ஆறு சக்கர லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. லாரிக்கு வயது இருபதுக்குக் கிட்டே.

"தம்பி, லைட்டு சுத்தமா பத்தல. நூறு வாட்ஸ் பல்பு ரெண்டு போட்டுக் குடு. காலைல லோடு ஏத்தணும்."

கடைக்காரப் பையன் பல்பை எடுக்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தான். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, முதலில் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். 27 வோல்ட். பிறகு ஹெட்லைட்டுக்குப் பின்னால் பல்பு மாட்டுகிற ஹோல்டரில் வைத்துப் பார்த்தான். 24 வோல்ட்.

"அண்ணே, பல்பு மேல தப்பு இல்ல. மூணு வோல்ட்ட வயரே தின்னுடுது."

"அதான் இருவத்திநாலு வருதே? இது இருவத்திநாலு வோல்ட்டு வண்டிதான?"

நியாயமான கேள்விதான். டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளில் 12 வோல்ட். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட். ஆனால் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்வதால் 27, 28 வரை நிற்கும். ஓடுகிற லாரியில் பல்புக்குக் கிடைக்க வேண்டியது கிட்டத்தட்ட அந்த அளவுதான். 27-ல் 3 போனால் நஷ்டம் 11 சதவீதம். "பதினொன்று தானே, போனால் போகட்டும்" என்று தோன்றும். இங்கேதான் ஏமாற்று வேலை இருக்கிறது. இழைப் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்டேஜின் 3.4-வது மடி அளவில் குறைகிறது என்பது பல்பு செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். 11 சதவீதம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். ரூபாய்க்கு மூன்று ரூபாய் வட்டி மாதிரி.

அந்த மூன்று வோல்ட் எங்கே போகிறது?

பழைய லாரியின் ஹெட்லைட் கரண்ட் வருகிற வழியைக் கேட்டால் தலை சுற்றும். பேட்டரியிலிருந்து கிளம்பி, கேபினுக்குள் வந்து, டேஷ்போர்டில் இருக்கும் லைட் சுவிட்சுக்குள் புகுந்து, பிறகு டிம்-பிரைட் சுவிட்சுக்குள் புகுந்து, திரும்ப முன்னால் போய் பல்பைச் சேருகிறது. வழியெல்லாம் ஜாயிண்ட். ஹாலஜன் எச்-4 பல்பு 24 வோல்ட் வண்டிகளில் 75/70 வாட்ஸ். பிரைட் போட்டால் இரண்டு பல்புக்கும் சேர்த்து 150 வாட்ஸ். 150-ஐ 24-ஆல் வகுத்தால் ஆறேகால் ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்பு வயர் எட்டு மீட்டர் போனால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.14 ஓம். ஆறேகாலால் பெருக்கினால் வயரில் மட்டும் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் அவுட். மீதி இரண்டு வோல்ட்டை கறுத்துப்போன சுவிட்ச் காண்டாக்டுகளும், பச்சை பிடித்த ஜாயிண்டுகளும், துருப்பிடித்த எர்த்தும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இதில் லாரிக்கே உரிய இன்னொரு கூத்து உண்டு. நம்ம ஊரில் பழைய லாரிகள் பெரும்பாலும் முழு வண்டியாக விற்கப்பட்டதில்லை. கம்பெனியிலிருந்து சேஸிஸ் வரும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் பாடி கட்டும் பட்டறைக்குப் போகும். அங்கே கேபின் கட்டி, பலகை அடித்து, பின் லைட்டு மாட்டி, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். அதாவது முன்னால் பாதி வயரிங் கம்பெனியுடையது, பின்னால் பாதி பட்டறையுடையது. கம்பெனி வயரிங்குக்குப் படம் உண்டு. பட்டறை வயரிங்குக்குப் படம், அதைப் போட்டவரின் மூளைக்குள் மட்டும் உண்டு. அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் கைமாறிய ஓனர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஏதாவது சேர்த்திருப்பார்கள். சாமி படத்துக்கு சீரியல் லைட், பாட்டு கேட்க ஆம்ப்ளிஃபயர், கேபின் மேலே கலர் கலராகக் குண்டு பல்பு, செல்போன் சார்ஜர். எல்லாவற்றுக்கும் கரண்ட் எங்கிருந்து? கைக்குக் கிடைத்த வயரைச் சீவி, அதில் முறுக்கி, மேலே டேப் சுற்றி எடுத்ததுதான். ஃபியூஸ் அடிக்கடி போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்துவிடுவது. அது எப்போதும் போகாது. ஃபியூஸுக்குப் பதிலாக வண்டி போகும், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில் நூறு வாட்ஸ் பல்பு போட்டால் என்ன ஆகும்? பல்பு கேட்கிற கரண்ட் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே வயர், அதே சுவிட்ச். கரண்ட் கூடினால் வயர் தின்னும் வோல்டேஜும் கூடும். ஆக, கொடுத்த காசுக்கு வெளிச்சம் வராது. ஆனால் வயரில் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். ஒன்றேமுக்கால் மடங்கு ஆகிவிடும். சுவிட்ச் உருகும், ஹோல்டர் பொரிந்துபோகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். எதிரே வருகிறவன் கண் கூசும் என்பது தனி. இதைத்தான் கடைப் பையன் தன் பாணியில் சொன்னான்:

"ஓட்டைப் பானைல தண்ணி நிக்கலன்னா, பெரிய மோட்டார் போட்டா நிக்குமாண்ணே?"

இதற்கு மருந்து புதிதல்ல. ரிலே. பெயரைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். பெரிய கிடங்கு வைத்திருக்கும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மூட்டை அரிசி வேண்டும் என்றால், மூட்டைகளைக் கல்லாப்பெட்டி வரை தூக்கிவந்து முதலாளி கையில் கொடுத்து, பிறகு வண்டியில் ஏற்ற மாட்டார்கள். முதலாளி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு கிடங்குக்குப் போகும். மூட்டை கிடங்கிலிருந்தே நேராக வண்டிக்குப் போகும். ரிலே செய்வது அந்தச் சீட்டு வேலைதான். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயின் காயிலை இழுக்கத் தேவையான கரண்ட் மட்டும். அது 0.1 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். ஆறேகால் ஆம்பியர் கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பல்பு என்று குறுக்கு வழியில் போய்விடும். இருபது வருஷப் பழைய சுவிட்சுக்கு ஓய்வு ஊதியம் கொடுத்த மாதிரி.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி. 87-லிருந்து பல்பு. 85-ம் 86-ம் காயிலின் இரண்டு முனைகள், ஒன்றுக்கு எர்த், இன்னொன்றுக்குப் பழைய ஹெட்லைட் வயரிலிருந்து வரும் சிக்னல். பழைய வயரைப் பிடுங்கி எறிய வேண்டியதுகூட இல்லை. இத்தனை நாள் மூட்டை சுமந்தது, இனிமேல் சீட்டு மட்டும் சுமக்கும்.

கடைப் பையன் செய்ததும் இதைத்தான். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே. இரண்டும் 24 வோல்ட் ரிலே (கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ரிலேயை லாரியில் போட்டால் காயில் கருகிவிடும்). பேட்டரிப் பெட்டியிலிருந்து முன்னால் வரை இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர். நான்கு மீட்டர் தூரத்துக்கு அதன் ரெசிஸ்டன்ஸ் 0.03 ஓம்கூட இல்லை. ஆறேகால் ஆம்பியர் ஓடினாலும் இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. வயர் பல இழை கொண்ட ஆட்டோ வயர். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரைப் போட்டால் லாரி குலுக்கும் குலுக்கலில் சில மாதத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது சேஸிஸில் உரசினால் காப்பாற்ற ஆளில்லை. இதைவிட முக்கியமான ஒன்று, இடது லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், வலது லைட்டுக்கு ஒரு ஃபியூஸ். ஒரே ஃபியூஸ் போட்டுவிட்டு, அது ராத்திரி இரண்டு மணிக்கு வளைவில் போனால் இரண்டு கண்ணும் ஒன்றாக அவிந்துவிடும்.

எர்த்துக்கும் தனி வயர். பல பேர் பாசிட்டிவ் பக்கத்தில் மட்டும் தடிமனான வயர் போட்டுவிட்டு, நெகடிவை ஏதோ ஒரு துருப்பிடித்த போல்ட்டில் முறுக்கிவிடுவார்கள். போன கரண்ட் திரும்பி வர வேண்டாமா? வரவு ஒழுங்காக இருந்து பற்று இடித்தால் பேரேடு எப்படி டாலி ஆகும்?

வேலை முடிந்ததும் பையன் மறுபடி மீட்டர் வைத்தான். ஹோல்டரில் 26.6. பழைய பல்பு, பழைய ரிஃப்ளெக்டர். ஆனால் எதிரே இருந்த சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து லாரிக்காரர் வாயடைத்துப்போனார்.

"அதே பல்புதானாடா இது?"

"அதே பல்புதாண்ணே. ஆனா ஒண்ணு, இப்ப முழு வோல்டேஜ்ல எரியறதால கொஞ்சம் சீக்கிரம் ஃப்யூஸ் ஆகும். ஒரு ஜோடி ஸ்பேர் வெச்சிக்குங்க."

இந்த ஒரு வரியைச் சொல்கிற கடைக்காரர்கள் குறைவு. சொல்லாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து பல்பு போகும்போது "ரிலே போட்டதாலதான் போச்சு" என்று லாரிக்காரர் ரிலேயைப் பிடுங்கிவிடுவார்.

எல்.இ.டி. பல்பு போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில், இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. சில்லைச் செருகினால் வெளிச்சம் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று தெரியும், எதிரே வருகிறவருக்குக் கண் அவியும். முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. எதிரே வருகிறவன் கண்ணுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று அரசாங்கம் நினைத்த காலம்.

முன்பக்கக் கதை இதோடு முடிந்தது. இனிமேல்தான் உண்மையான கதை.

"அப்படியே பின்னாடியும் பாத்துடலாமாண்ணே?" என்று பையன் கேட்டான்.

"பின்னாடி என்னா இருக்கு? எரியுது இல்ல? காசு வேற ஆயிடுச்சி. எப்.சி. வரும்போது பாத்துக்கலாம்."

இந்தப் பதிலில் அந்த மனிதரின் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். ஹெட்லைட்டுக்குச் செலவு செய்தால் பலன் அவருக்கு. அன்றைக்கு ராத்திரியே கண்ணுக்குத் தெரியும். டெயில் லைட்டுக்குச் செலவு செய்தால் பலன் பின்னால் வரும் முகம் தெரியாத ஆளுக்கு. டெயில் லைட் எரிகிறதா என்று ஓட்டுகிறவருக்கு சீட்டில் உட்கார்ந்தபடி தெரியாது. பிசினஸ் எகனாமிக்ஸ் பாடத்தில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒரு பகுதி வரும். ஒருவர் செய்கிற அல்லது செய்யாத காரியத்தின் விளைவு, அந்தக் கணக்கிலேயே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது. 1920-ல் பிகூ என்ற பொருளாதார அறிஞர் இதை விரிவாக எழுதினார். பாடப்புத்தகத்தில் உதாரணமாகத் தொழிற்சாலைப் புகையைத்தான் காட்டுவார்கள். ஒரகடத்தில் அதைவிட நல்ல உதாரணம், எரியாத டெயில் லைட்.

இந்த ஏரியாவில் அது ஏன் அதிகமாகக் கடிக்கிறது என்பதற்கும் காரணம் காமர்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜஸ்ட் இன் டைம். டொயோட்டாவில் பிறந்த முறை. பாகங்களைக் கிடங்கில் வாங்கிக் குவிக்காமல், தேவைப்படும் நேரத்தில் வரவழைப்பது. கிடங்குச் செலவு மிச்சம், முடங்கிய முதல் மிச்சம். தேர்வில் எழுதினால் முழு மார்க். ஆனால் சரக்கு மாயமாக மறைந்துவிடுவதில்லையே? உள்ளே கூப்பிடுகிற நேரம் வரும்வரை அது லாரியில்தான் இருக்க வேண்டும். லாரி எங்கே இருக்கும்? இடம் கிடைத்தால் லாரி நிறுத்துமிடத்தில், கிடைக்காவிட்டால் ரோட்டோரத்தில். கிடங்குக்குள் இருக்க வேண்டியது, ராத்திரி முழுக்க இருட்டில், தார் ரோட்டின் ஓரத்தில் நிற்கிறது. அதே ரோட்டில்தான் ஷிஃப்ட் முடிந்து டூவீலரில் பையன்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். நிற்கிற லாரியின் பின்பக்கம் முப்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், யோசிக்கவும் பிரேக் பிடிக்கவும் சேர்த்து மொத்தம் இரண்டு விநாடிகூட இல்லை. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையில் அந்த வருஷம் இறந்தவர்கள் 1,68,491 பேர். நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதிய விபத்துகள். எல்லாவற்றுக்கும் டெயில் லைட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் டெயில் லைட் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே பின்னாலிருந்து யாரும் மோதிவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

கடைப் பையன் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு வேலை பண்ணுங்க. பார்க் லைட்ட போட்டுட்டு, பின்னாடி எரநூறு எட்டு நடந்துபோய்த் திரும்பிப் பாருங்க. நான் பிரேக்க மிதிக்கிறேன்."

இருநூறு எட்டு என்பது ஏறக்குறைய 155 மீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் பின் விளக்கின் சிவப்பு வெளிச்சம் அந்தத் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. பையனுக்கு விதி எண் தெரியுமோ தெரியாதோ, எட்டுக் கணக்கு தெரிந்திருந்தது.

லாரிக்காரர் சலித்துக்கொண்டே நடந்தார். திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"வண்டியே தெரியல தம்பி. லெப்டு லைட்டு இல்லவே இல்ல. நீ பிரேக்க மிதிச்சா ரைட்டு லைட்டு எரியறதுக்குப் பதிலா அவியுது."

பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் சேர்ந்து மினுக்குவது, இதெல்லாம் பேய் வேலை இல்லை. எர்த் வேலை. ஒரு லைட் பெட்டிக்குள் இருக்கும் எல்லாப் பல்புக்கும் பொதுவாக ஒரே எர்த். அது துருப்பிடித்துத் துண்டாகிவிட்டால், கரண்ட் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று ஆடும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வைத்தியத்தில் தீராது என்பது இங்கே புரியும். டெயில் லைட் பல்பு 5 வாட்ஸ், பிரேக் லைட் 21 வாட்ஸ். இரண்டு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால்கூட இரண்டு ஆம்பியர் வராது. எட்டு மீட்டர் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு கால் வோல்ட். ஆகவே பின்னால் தடிமனான வயரும் தேவையில்லை, ரிலேயும் தேவையில்லை. தேவை மூன்றுதான். நல்ல எர்த், முறுக்கி டேப் சுற்றாத ஜாயிண்ட், தண்ணீரும் சேறும் புகாத லைட் பெட்டி. சக்கரம் வாரி அடிக்கிற சேறு முழுக்க விழுகிற இடம் அது. அங்கே வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகி, மழையில் உரிந்து, அடுத்த தீபாவளிக்குள் பச்சை பிடித்துவிடும். பையன் இரண்டு லைட்டுக்கும் தனித்தனியாக எர்த் வயர் இழுத்து, சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினான். ஜாயிண்டுகளை லக் வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டான். வயர் முழுக்கப் பிளாஸ்டிக் குழாய்க்குள் போனது.

லைட் பெட்டிகள் இரண்டும் உடைந்திருந்ததால் மூடி ஒட்டிய எல்.இ.டி. டெயில் லைட்டாகவே மாற்றினார்கள். முன்னால் எல்.இ.டி. பல்பைச் செருகுவது வேறு, பின்னால் அதற்கென்றே செய்த முழு லைட் பெட்டியை மாற்றுவது வேறு. இதில் இழை இல்லை, குலுக்கலில் அறுவதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு லாபமும் உண்டு. இழைப் பல்பு சூடாகி முழு வெளிச்சம் தர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்.இ.டி. மிதித்த உடனே எரியும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு அது நான்கு மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். ஒரு மாருதி காரின் நீளம். இண்டிகேட்டரையும் எல்.இ.டி. ஆக்கினால் பழைய ஃபிளாஷர் கரண்ட் போதாமல் படபடவென்று துடிக்கும். அதற்கேற்ற ஃபிளாஷர் மாற்ற வேண்டும்.

லாரிக்காரருக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் இருந்தது. பெரும்பாலான லாரிக்காரர்களுக்கு இருக்கும் சந்தேகம் அதுதான்.

"நிக்கும்போது பார்க் லைட்டு போட்டா பேட்டரி எறங்கிடுமே?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று. எல்லாம் 5 வாட்ஸ் என்றால் மொத்தம் 25 வாட்ஸ். 24 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் சொச்சம். எட்டு மணி நேரம் எரியவிட்டால் எட்டு, ஒன்பது ஆம்பியர்-அவர். லாரி பேட்டரி நூறு ஆம்பியர்-அவர் கொள்ளும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னால் எல்.இ.டி. என்றால் இன்னும் குறைவு. இந்தக் கணக்கு தெரியாமல்தான் ஒரகடத்திலிருந்து ஓசூர் வரை லாரிகள் இருட்டில் நிற்கின்றன. பேட்டரி நிஜமாகவே செத்துப்போயிருந்தால், பார்க் லைட்டை அணைத்து அதைக் காப்பாற்றிவிட முடியாது.

லைட் எரிந்தாலும் ரிஃப்ளெக்டர் டேப் வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அதற்குக் கரண்டே வேண்டாம். பின்னால் வருகிறவனுடைய வெளிச்சத்தையே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும். வாரம் ஒரு முறை துணி வைத்துத் துடைத்தால் போதும்.

இதையெல்லாம் படித்த பிறகும் "அடுத்தவனுக்காக ஏன் செலவு செய்யணும்" என்று கேட்கிறவர்களுக்குக் கோர்ட் ஒரு பதில் வைத்திருக்கிறது. நடுரோட்டில் இண்டிகேட்டரோ பார்க் லைட்டோ இல்லாமல் நின்ற டேங்கர் லாரி மீது ஒரு வேன் மோதிய வழக்கு. வேனை ஓட்டியவர் மீதும் பாதித் தப்பு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேன்காரர் மீது அந்தப் பாதிப் பழியும் கிடையாது என்று சொல்லிவிட்டது. எக்ஸ்டர்னாலிட்டியை அதை உண்டாக்கியவர் கணக்கிலேயே திரும்ப எழுதுவது என்பது இதுதான். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் செத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த முறையின் கோளாறு.

அதற்குப் பதில் ஒரு சுருள் வயர், இரண்டு லைட் பெட்டி, அரை நாள் கூலி. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு லாரி டயரின் விலையைத் தொடாது. ஆனால் பல வண்டிகளில் அந்த அரை நாள்தான் கிடைப்பதில்லை. லாரி நின்றால் வருமானம் நிற்கும், டியூ நிற்காது. அதனால் இந்த வேலையைத் தனியாகச் செய்யாமல், டயர் மாற்றவோ ஸ்ப்ரிங் பட்டை பார்க்கவோ வண்டி நிற்கிற அன்றைக்கே சேர்த்துச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். சரக்கை உள்ளே வாங்கக் காத்திருக்க வைக்கிற கம்பெனிகளும், லாரி நிற்க விளக்குப் போட்ட ஒரு இடத்தைக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஜஸ்ட் இன் டைமில் மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் போதும்.

லாரிக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஏறுவதற்கு முன்னால் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னொரு வாட்டி பிரேக்க மிதி. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

இந்த முறை இருநூறு எட்டையும் அவராகவே எண்ணி நடந்தார்.

வீட்டில் அப்பாவிடமோ மாமாவிடமோ லாரி, டெம்போ, ஏன் பழைய கார் இருந்தால்கூட, இன்றைக்கு ராத்திரி ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு அதே மாதிரி நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். மீட்டர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.